பூட்டிய பெட்டியும் பொது அறிவும்

இயந்திரத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்குவோர் ஒரு சாரார். இயந்திரத்தின் முன் கைகூப்பி நிற்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் ஒருவருக்கொருவர் பகைவர் போலத் தோன்றினும் உண்மையில் உறவினரே. ஒருவர் அதனைப் பேய் என்கிறார். மற்றவர் தெய்வம் என்கிறார். அதனைச் செய்த கைகள் யாருடையவை, அது யாருக்கு உடைமையாயிற்று, அதனால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்னும் கேள்விகளை இருவருமே கேட்பதில்லை.

இன்று நமது பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் இரண்டாவது சாராரின் குரலே ஓங்கி ஒலிக்கின்றது. "வலையமைப்பு வந்துவிட்டது, அமிர்தகழிக்கும் அமெரிக்காவுக்கும் இடையே தூரம் என்பதே இல்லை, ஏழை பணக்காரன், உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்ற பேதமெல்லாம் இனித் தாமாகவே கரைந்துபோகும்" என்று மேடையில் முழங்குவோரை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். கைதட்டலும் கிடைக்கின்றது. ஆனால், தாமாகவே கரைந்த அநீதி ஒன்றை வரலாறு இதுவரை கண்டதில்லை.

நாம் வலையமைப்பை வெறுப்பவர்கள் அல்லர். வாவிக்கரையில் வாழும் ஒரு மாணவி உலகின் நூலகங்களைத் தன் கைக்குள் காண்பது மனித குலத்தின் அரிய வெற்றிகளுள் ஒன்று. அந்த வெற்றி யாருடையது என்பதே நமது கேள்வி. இக்கேள்விக்கு விடை காண, வலையமைப்புக் கருவிகளை ஆக்கி உலகின் பெருஞ்செல்வ நிறுவனங்களுள் ஒன்றாக உயர்ந்த சிஸ்கோ என்னும் அமெரிக்கக் கொம்பனியின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் பயன் தரும். அதன் பெயர் நம் மாணவர்க்குப் புதிதன்று. உயர்தரம் முடித்த இளைஞர் பலர் அதன் சான்றிதழையே வாழ்க்கையின் திறவுகோலாகக் கருதுகின்றனர்.

முதலில் பொருள் இன்னதென்று அறிந்துகொள்வோம். கணினியிலிருந்து செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பகுக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் தலையிலும் அது சென்றடைய வேண்டிய முகவரி பொறிக்கப்படுகின்றது. ஒரே கட்டடத்தினுள், ஒரே வலையமைப்பினுள் உள்ள கணினிகளுக்கிடையே பொதிகளைக் கைமாற்றுவது ஆளி. ஒரு வலையமைப்பிலிருந்து வேறொரு வலையமைப்புக்குப் பொதியை வழியனுப்புவது ரவுட்டர் என்று அனைவரும் வழங்கும் வழிப்படுத்தி. அது தன்னிடமுள்ள அட்டவணையை நோக்கி, அடுத்து எந்தத் திசையில் அனுப்புவது என்று தீர்மானிக்கின்றது. முழுப் பாதையையும் அது அறியாது. அடுத்த தரிப்பிடத்தை மட்டுமே அறியும். மட்டக்களப்புத் தபாலகத்தில் கடிதம் பிரிப்பவர் நியூயோர்க்கின் தெருக்களை அறியவேண்டியதில்லை. கொழும்புப் பையில் எதைப் போடுவது என்று அறிந்தாற் போதும். அது போன்றதே இது. உலகமெங்கும் பரந்த இணையம் இந்த எளிய செயலின் கோடானுகோடி மடங்கு பெருக்கமேயன்றி வேறு மாயம் எதுவும் அதில் இல்லை.

இந்தச் செயலைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு தனி மனிதனின் பெயரை நாம் கூறவியலாது. 1969 ஆம் ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆர்பா என்னும் ஆய்வுப் பிரிவின் பணத்தில் ஆர்பாநெட் வலையமைப்பு தொடங்கிற்று. அப்பணம் அந்நாட்டு மக்கள் செலுத்திய வரி. 1974 இல் வின்ட் செர்ஃப், பொப் கான் என்னும் இருவரும் வெவ்வேறு வலையமைப்புகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் விதிமுறையை வெளியிட்டனர். அதனின்று வளர்ந்த டி.சி.பி./ஐ.பி. முறைக்கு ஆர்பாநெட் 1983 ஜனவரி 1 ஆம் திகதி மாறியது. அவ்விதிமுறைகளை எவரும் பூட்டி வைக்கவில்லை. விரும்பியவர் படிக்கலாம், விரும்பியவர் திருத்தம் கூறலாம் என்ற முறையிலேயே அவை வெளியிடப்பட்டன. இணையம் உலகமயமானதற்கு முதற் காரணம் இத்திறந்த தன்மையே.

அதே காலத்தில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பல்வேறு துறைகளின் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. அங்கே மருத்துவப் பிரிவில் பணியாற்றிய வில்லியம் யேகர் 1980 முதல் வழிப்படுத்திக்கான மென்பொருளை எழுதிவந்தார். அப்போது பட்டப்படிப்பு மாணவராயிருந்த ஆண்டி பெக்டொல்சைம் வடிவமைத்த மின்சுற்றுப் பலகைகள் அதற்குப் பயன்பட்டன. பலருடைய உழைப்பாலும் உருவான அக்கருவியைப் பல்கலைக்கழகத்தினர் 'நீலப்பெட்டி' என அழைத்தனர். பலர் சேர்ந்து ஆக்கினர். பலர் சேர்ந்து பயன்படுத்தினர். இதுவே சிஸ்கோவின் கருவறை.

1984 டிசெம்பரில் சிஸ்கோ நிறுவப்பட்டது. நிறுவியவர்கள் அதே பல்கலைக்கழகத்தில் கணினிப் பிரிவுகளைப் பராமரித்த லெனார்ட் போசாக், சாண்டி லெர்னர் என்னும் தம்பதியர். சான் பிரான்சிஸ்கோ நகரின் பெயரின் வாலே கொம்பனியின் பெயராயிற்று. அந்நகரின் புகழ்பெற்ற பாலமே அதன் இலச்சினையாயிற்று. வெவ்வேறு கட்டடங்களில் பணியாற்றிய கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்ப விரும்பினர். அந்த அன்பிலேயே வழிப்படுத்தி பிறந்தது என்று ஓர் இனிய கதை உலவுகின்றது. அன்பை நாம் பழிக்கவில்லை. ஆனால், பலர் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஆக்கியதை இருவரின் காதற்கதையாகச் சுருக்கிக் கூறும்போது யாருடைய பெயர்கள் மறைகின்றன என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. ராஜா கட்டிய கோயில் என்று கூறிச் சிற்பியை மறந்த பழைய வழக்கத்தின் புதிய பதிப்பல்லவா இது?

பல்கலைக்கழகத்தின் ஆக்கத்தைக் கொம்பனி விற்கின்றது என்ற தகராறு எழுந்தது. 1986 இல் போசாக் பல்கலைக்கழகப் பணியை விட்டு விலக நேர்ந்தது. அவ்வாண்டிலேயே ஏ.ஜி.எஸ். என்னும் வழிப்படுத்தி சிஸ்கோவின் முதற் பெரும் விற்பனைப் பொருளாயிற்று. 1987 இல் ஸ்டான்போர்ட், அம்மென்பொருளையும் இரண்டு மின்சுற்றுப் பலகைகளையும் பயன்படுத்தும் உரிமத்தைக் கொம்பனிக்கு வழங்கியது. கைக்காசாகப் பெற்றது 19,300 டொலர். உரிமைத்தொகை 150,000 டொலர். அந்த அறிவுதான் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2000 மார்ச்சில், அக்கொம்பனியை உலகிலேயே அதிக சந்தை மதிப்புடைய நிறுவனமாக்கியது. அன்று அதன் பங்குகளின் மொத்த மதிப்பு ஐந்நூறு பில்லியன் டொலருக்கும் மேல்! பொதுவில் விளைந்த பயிர் எவ்வாறு தனியார் களஞ்சியம் புகுகின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த கணக்கு வேண்டுமா?

மாமாங்கத் தீர்த்தக் குளத்தை எண்ணிப் பாருங்கள். ஆடி அமாவாசையன்று எத்தனை ஊர்களிலிருந்து எத்தனை ஆயிரம் மக்கள் வந்து அதில் இறங்குகின்றனர்! ஒருவன் வந்து அதன் கரையில் நல்ல படிக்கட்டு அமைத்தான் என்போம். படிக்கட்டுக்குக் கூலி கேட்கட்டும், கொடுப்போம். ஆனால் படிக்கட்டைக் காட்டிக் குளத்தையே வேலியடைத்து நீருக்குச் சீட்டு விற்பானாயின் ஊர் பொறுக்குமா? அறிவுக்குளத்தில் அது நடக்கும்போது மட்டும் நாம் அதனை முன்னேற்றம் என்று ஏன் வாழ்த்த வேண்டும்?

மூலதனத்தின் இயல்பை அக்கொம்பனியை நிறுவியவர்களே விரைவில் அறிந்துகொண்டனர். 1987 இல் செக்கோயா என்னும் முதலீட்டு நிறுவனம் 2.5 மில்லியன் டொலர் இட்டு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கைப் பெற்றது. 1990 பெப்ரவரியில் பங்குகள் சந்தைக்கு வந்தன. அதே ஆண்டு ஓகஸ்டில் சாண்டி லெர்னர் தாம் நிறுவிய கொம்பனியிலிருந்தே நீக்கப்பட்டார். போசாக்கும் உடன் வெளியேறினார். அவர்கள் வறியவராக வெளியேறவில்லை. ஏறத்தாழ 170 மில்லியன் டொலருக்குத் தம் பங்குகளை விற்றனர். ஆயினும், ஆக்கியவனைவிட முதலிட்டவனுக்கே அங்கு ஆணை செல்லும் என்ற விதி அவர்களுக்கும் விலக்களிக்கவில்லை. அவர்களுக்கே இந்நிலை எனின், சம்பளத்தை மட்டுமே நம்பி வாழும் தொழிலாளியின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

அதனையும் கூறிவிடுவோம். 2001 இல் பங்குச் சந்தைக் குமிழி உடைந்தபோது விற்க முடியாமற் குவிந்த ஏறத்தாழ 2.2 பில்லியன் டொலர் பெறுமதியான பொருள்களைக் கொம்பனி கணக்கிலிருந்து தள்ளுபடி செய்தது. ஏறத்தாழ 8,500 தொழிலாளரை வேலையிலிருந்தும் தள்ளுபடி செய்தது. அது நட்டக் காலம் என்று வாதிடுவோர் உளர். நன்று. 2024 ஜூலையில் முடிந்த கணக்காண்டில் அதன் தேறிய இலாபம் 10 பில்லியன் டொலருக்கு மேல். அந்தக் கணக்கை வெளியிட்ட ஓகஸ்ட் மாதத்திலேயே உலகெங்குமுள்ள தன் பணியாளருள் நூற்றுக்கு ஏழு பேரை நீக்கப்போவதாக அது அறிவித்தது. அதற்கு அடுத்த மாதம் சென்னையில் அதன் உற்பத்தி நிலையம் கோலாகலமாகத் தொடங்கி வைக்கப்பட்டது. 1,200 பேருக்கு வேலை, ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையுமாக ஆண்டுக்கு 1.3 பில்லியன் டொலர் உற்பத்தி என்று கூறப்பட்டது. அங்கே பெட்டிகளைச் செய்வது ஃபிளெக்ஸ் என்னும் ஒப்பந்த நிறுவனம். பெயர் ஒருவருடையது, கூரை வேறொருவருடையது. கூலிக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு யாருடையது என்று சென்னைத் தொழிலாளி நாளை கேட்கும்போது ஒருவர் மற்றவரைக் கைகாட்டாதிருக்க வேண்டும். உலகெங்கும் ஒப்பந்த உற்பத்தி முறையின் அனுபவம் அந்த ஐயத்துக்கு இடந்தருகின்றது.

இவ்வாறெல்லாம் கூறுவதால் அக்கொம்பனியின் பொறியியலாளர் எதையும் ஆக்கவில்லை என்று நாம் சொல்வதாக எவரும் திரித்தல் வேண்டாம். 1989 இல் சிஸ்கோவின் கேர்க் லொகீட், ஐ.பி.எம். நிறுவனத்தின் யாக்கொவ் ரெக்டர் ஆகிய இருவரும் உணவு வேளையில் கைத்துடைப்புத் தாள்களில் வரைந்த திட்டமே பி.ஜி.பி. என்னும் நெறிமுறையாயிற்று. நாடு நாடாகப் பிரிந்து கிடக்கும் பெரும் வலையமைப்புகள் தம்முள் வழியறிந்து பேசுவது இன்றும் அதன் வழிவந்த முறையினாலேயே. இரு போட்டி நிறுவனங்களின் ஊழியர் இருவர் கூடி ஆக்கிய அந்நெறிமுறை உலகுக்குத் திறந்த ஆவணமாக வெளியிடப்பட்டது. அக்கொம்பனி மனித குலத்துக்களித்த கொடைகளுள் மிகப் பெரியது, அது பூட்டாமல் விட்ட கொடையே! திறந்து வைத்தால் ஆக்கம் நின்றுவிடும் என்று அஞ்சுவோர் இதற்கு விடை கூறட்டும்.

இன்னொரு சான்றும் உண்டு. வீட்டுப் பாவனைக்கான சிறு வழிப்படுத்திகளைச் செய்த லிங்க்சிஸ் என்னும் நிறுவனத்தை 2003 இல் சிஸ்கோ ஏறத்தாழ 500 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அதன் டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்னும் நீலமும் கறுப்பும் கலந்த பெட்டி உலகெங்கும் விற்பனையாயிற்று. ஆர்வலர் சிலர் அதனுள்ளே ஆராய்ந்தபோது அதில் இயங்குவது லினக்ஸ் என்று கண்டனர். லினக்ஸ் பொதுவுடைமையான மென்பொருள். அதனை எவரும் எடுத்தாளலாம். ஆனால் எடுத்தாண்டு விற்பவர் மூலநிரலையும் மக்களுக்குத் தரவேண்டும் என்பது அதன் உரிமத்தின் நிபந்தனை. ஆர்வலரின் நெருக்குதலால் மூலநிரல் வெளிவந்தது. அதனை அடியாகக் கொண்டு 2004 இல் ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திறந்த மென்பொருள் முயற்சி தொடங்கிற்று. இன்று பல நிறுவனங்களின் பல்வேறு பெட்டிகளில் அது இயங்குகின்றது. ஆயினும் உரிமத்தை முறையாகப் பேணவில்லை என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசெம்பரில் சிஸ்கோ மீது வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2009 மே மாதம் உடன்பாடு ஏற்பட்டது. லிங்க்சிஸ் 2013 இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. கொம்பனி அப்பொருளைக் கைகழுவிவிட்டது. மக்கள் திறந்த அறிவோ இன்றும் வளர்கின்றது.

பொருளை விற்று இலாபம் பெற்ற காலமும் இப்பொழுது மலையேறுகின்றது. 2017 இல் வெளிவந்த கற்றலிஸ்ட் 9000 வரிசை ஆளிகளை வாங்குவோர், பெட்டியின் விலையோடு மென்பொருளுக்கு ஆண்டுக்கணக்கான சந்தாவும் செலுத்தல் வேண்டும் என்ற முறை புகுத்தப்பட்டது. தவணை முடிந்தால் அடிப்படை இயக்கம் நிற்காது; மேம்பட்ட வசதிகளுக்கான உரிமை நீங்கும். முன்பு கலப்பையை விற்றவன் இப்போது உழும் ஒவ்வொரு போகத்துக்கும் வாரம் கேட்கின்றான். நிலப்பிரபுத்துவம் ஒழிந்துவிட்டது என்று எண்ணினோம். அது மென்பொருளில் குடிபுகுந்திருக்கின்றது.

இந்த வாரத்தை நாம் செலுத்த வேண்டியது டொலரில். 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்த நாடு நமது நாடு. எரிபொருளுக்கும் மருந்துக்கும் டொலர் இன்றி மக்கள் தெருவில் வரிசையில் நின்ற நாட்கள் நமக்கு மறக்கவில்லை. வைத்தியசாலையும் பல்கலைக்கழகமும் கச்சேரியும் எந்தக் கொம்பனியின் பெட்டியை வாங்கினும், அப்பெட்டி ஆண்டுதோறும் அந்நியச் செலாவணி கேட்கும் பெட்டியாயின், அதனை வெறும் தளபாடக் கொள்வனவாக எண்ணுவது பேதைமை. அது நெடுங்காலக் கடன். சிஸ்கோவுக்குப் பதிலாக வேறொரு நாட்டின் கொம்பனியை அழைத்து வந்தால் விடுதலை கிட்டும் என்போரும் உளர். எசமானை மாற்றுவது விடுதலையன்று.

நமது நாட்டின் வலையமைப்பு வரலாற்றிலேயே வேறொரு வழி இருந்தது என்பதைப் பலர் அறியார். 1990 இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் அபய இந்துருவ அவர்களின் முயற்சியில் தொலைபேசி இணைப்பின் வழியே மின்னஞ்சல் சேவை தொடங்கிற்று. வணிக இணையச் சேவை இலங்கையில் தோன்றியது 1995 இலேயே. முதலில் வழி வெட்டியவர்கள் வணிகர் அல்லர். பொதுப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியரும் மாணவருமே. அம்முயற்சியிலிருந்து வளர்ந்த லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பே 2020 இல் கொள்ளைநோயால் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் தொடர்ந்து நடப்பதற்குத் துணைநின்றது.

பல்கலைக்கழகங்களுக்கு அமைந்த அத்தகைய பொது ஏற்பாடு நமது பாடசாலைப் பிள்ளைகளுக்கு அமையவில்லை. கருவி இல்லாத வீடு, ஒரே கைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடு, சமிக்ஞை தேடி மரத்தடிக்குச் சென்ற பிள்ளை என்று அக்காலத்தில் நாம் கண்டவற்றை நம் வாசகர்களான ஆசிரியர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தம் சொந்தச் சம்பளத்தில் இணையத் தரவு வாங்கிப் பாடம் நடத்தியவர்களும் அவர்களே. 2021 ஜூலையில் சம்பள முரண்பாட்டை நீக்கக் கோரி ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலைப் புறக்கணித்தபோதுதான், வலையமைப்பு என்பது கம்பியாலும் பெட்டியாலும் மட்டும் இயங்குவதன்று, மனித உழைப்பால் இயங்குவது என்ற உண்மை ஆட்சியாளருக்குப் புலப்பட்டது.

இனி, பேதம் தானாகவே கரையும் என்ற கூற்றை நோக்குவோம். 2020 ஜூன் 30 ஆம் திகதி கலிபோர்னிய மாநிலத்தின் நியாயமான வேலைவாய்ப்பு, வீட்டுவசதித் திணைக்களம் சிஸ்கோ மீது ஒரு வழக்குத் தொடுத்தது. வழக்கின் பொருள் சாதி! அக்கொம்பனியின் தலைமையகத்தில் பணியாற்றிய தலித் பொறியியலாளர் ஒருவர், இந்தியாவிலிருந்து சென்ற உயர்சாதி மேலாளர்களால் சம்பளத்திலும் வாய்ப்பிலும் ஒதுக்கப்பட்டார் என்பது குற்றச்சாட்டு. கொம்பனி அதனை மறுத்தது. 2023 ஏப்ரலில் மேலாளர் இருவர் மீதான வழக்கைத் திணைக்களமே மீளப் பெற்றுக்கொண்டது. கொம்பனி மீதான வழக்கைக் கைவிடவில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று தீர்ப்புக் கூறுவது நீதிமன்றத்தின் பணி, நமதன்று. ஆனால் அவ்வழக்கின் பின் அமெரிக்காவில் எழுந்த விவாதம் சாதியை மறைக்க முடியாத பொருளாக்கிவிட்டது. 2023 பெப்ரவரியில் சியாட்டில் நகரசபை சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தால் தடைசெய்தது; அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. அவ்வாண்டு கலிபோர்னிய சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமூலத்தை, இருக்கும் சட்டங்களே போதும் என்று கூறி மாநில ஆளுநர் ஒக்டோபரில் நிராகரித்தார்.

உலகையே இணைக்கும் பெட்டிகளைச் செய்யும் கூடத்தினுள்ளேயும் சாதி நுழைந்திருக்கக்கூடும் என்று ஒரு மாநில அரசு வழக்காடுமாயின், அப்பெட்டி சாதியைக் கரைத்துவிடும் என்று மேடையில் முழங்குவோரின் வாதம் என்னவாயிற்று? நமக்கு இது புதிய பாடமன்று. 1957 இல் இலங்கைப் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் ஏட்டில் இருந்தது. தேநீர்க்கடையில் சிரட்டையும் போத்தலும் இருந்தன. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து ஊர்வலமாகப் புறப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்களும் அவர்களோடு தோள்சேர்ந்த முற்போக்காளருமே அச்சட்டத்துக்கு உயிர் கொடுத்தனர். புகையிரதம் வந்தபோது சாதி ஒழியும் என்றார்கள். சாதியும் பெட்டியில் ஏறி உட்கார்ந்தது. வலையமைப்பிலும் அது பொதியோடு பொதியாய்ப் பயணம் செய்கின்றது. திருமண விளம்பரத் தளங்களைப் பார்ப்போர்க்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

பூட்டிய பெட்டிக்கு மற்றுமோர் ஆபத்துண்டு. உள்ளே என்ன நடக்கின்றது என்று வாங்கியவர் அறியார். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம், வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் வழிப்படுத்திகளை வழியில் மறித்து, ஒட்டுக்கேட்கும் கருவிகளைப் பொருத்தி மீண்டும் உறையிட்டு அனுப்பியதை எட்வர்ட் ஸ்னோடன் வெளிக்கொணர்ந்த ஆவணங்கள் 2014 இல் காட்டின. வெளியான படத்தில் இருந்தவை சிஸ்கோவின் பெட்டிகள். கொம்பனியின் தலைவர் ஜோன் சேம்பர்ஸ், இதனால் தம் வணிகத்தின் மீதுள்ள நம்பிக்கை குலைகின்றது என்று ஜனாதிபதி ஒபாமாவுக்கே கடிதம் எழுதினார். வணிகனுக்கே தன் பெட்டியின் மீது ஆணை இல்லை எனின் வாங்கிய நமக்கு எங்கே? தூரத்து அரசை மட்டும் குறைகூறிப் பயனில்லை. 2018 மார்ச்சில் திகனை வன்முறையின்போதும், நமது நகரின் சீயோன் தேவாலயமும் குருதியில் நனைந்த 2019 உயிர்த்த ஞாயிறின்போதும், 2022 ஏப்ரலில் மக்கள் கிளர்ந்தெழுந்தபோதும் இந்நாட்டு அரசு சமூக ஊடகங்களை முடக்கிற்று. உற்றாரின் உயிர்ச்செய்தி தேடியவர்களுக்கும் அந்நேரம் கதவு அடைபட்டது. ஒவ்வொரு முறையும் ஒரு நியாயம் கூறப்பட்டது. மதகின் திறப்பு மக்கள் கையில் இல்லாதவரை, நீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தீர்மானிப்பவர் வேறொருவரே.

அன்பார்ந்த ஆசிரியர்களே, மாணவர்களே! இவை அனைத்தும் ஈற்றில் வகுப்பறையில் வந்து நிற்கின்றன. 1997 இல் சிஸ்கோ தொடங்கிய வலையமைப்புக் கல்விக்கழகம் இலங்கை உட்பட உலகெங்கும் பரவியுள்ளது. அது கற்பிப்பதில் நல்லவை பல உண்டு என்பதை மறுக்கமாட்டோம். வேலைக்கு உதவும் சான்றிதழைப் பிள்ளை பெறுவதைத் தடுப்பதும் நமது நோக்கமன்று. பசித்த வயிற்றுக்கு உபதேசம் செய்வது கொடுமை. ஆனால் சான்றிதழ் ஏணி, கல்வி கண். ஏணியைக் கண்ணென்று மயங்குதல் கூடாது. ஒரு கொம்பனியின் பெட்டிக்கு இன்ன கட்டளை இடவேண்டும் என்று மனனம் செய்தவன், அப்பெட்டி மாறியதும் மீண்டும் மாணவனாகின்றான். பொதி எவ்வாறு வழியறிகின்றது என்று உணர்ந்தவனோ எந்தப் பெட்டிக்கும் ஆசான். நமது உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்திட்டம், ஓ.எஸ்.ஐ. மாதிரியையும் டி.சி.பி./ஐ.பி. யையும் பொது விதிகளாகவே கற்பிக்கின்றது. எந்தக் கொம்பனியின் முத்திரையும் அதில் இல்லை. அந்தப் பாடத்தை வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று இகழ்ந்து, கொம்பனிச் சான்றிதழே மெய்யான படிப்பு என்று பிள்ளைகளுக்குக் கூறுவோர், தெரிந்தோ தெரியாமலோ, வேலிகட்டுவோருக்குக் கம்பு சுமக்கின்றனர்.

இம்மண்ணில் நமக்கு ஒரு முன்னோடி உண்டு. காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதப் பட்டமும் ஒருங்கே பெற்ற விபுலாநந்த அடிகளை நாம் சிலைவைத்துப் போற்றுகின்றோம். அவருடைய வழியை மறக்கின்றோம். வழக்கொழிந்த யாழை அவர் வழிபடவில்லை. அதன் நரம்பின் நீளத்தையும் சுருதியின் விகிதத்தையும் கணிதத்தால் ஆராய்ந்தார். 1947 இல் வெளிவந்த யாழ்நூல், மறைந்த ஒரு கருவியைத் திறந்து பார்த்த நூல். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணிக்கு அவர் தலைமை தாங்கியதும், அறிவு ஆங்கிலம் கற்ற சிலரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கலாகாது என்பதாலேயே. கருவியின் தத்துவத்தை நம் மொழியில் உணர்த்துவதே நாம் அவருக்குச் செலுத்தும் மெய்யான நன்றிக்கடன்.

ஆகவே செய்யவேண்டியவற்றைத் தெளிவாகவே கூறுவோம். எறியப்பட்ட பழைய வழிப்படுத்திகளைப் பாடசாலைக்குக் கொண்டுவருவோம்; மாணவர் அவற்றைக் கழற்றிப் பார்க்கட்டும்; ஏற்றவற்றில் திறந்த மென்பொருளை நிறுவி, பொதி செல்லும் வழியைத் தாமே அமைக்கட்டும். வலையமைப்பியலைத் தெளிந்த தமிழில் எழுதி, விலையின்றிப் பரப்புவோம். அரச நிறுவனங்கள் வாங்கும் கருவிகள் திறந்த நெறிமுறைகளுக்கு இணங்கியவையாக, வேறு நிறுவனக் கருவிகளோடும் சேர்ந்தியங்குவனவாக இருத்தல் வேண்டும், அவற்றுக்கான ஆண்டுச் சந்தாச் செலவு மக்களுக்கு வெளிப்படுத்தப்படல் வேண்டும் என்று நமது சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். பல்கலைக்கழகங்களுக்கு அமைந்ததுபோலப் பாடசாலைகளுக்கும் பொதுவான, மலிவான, நிலையான வலையமைப்பை அரசு அமைக்க வேண்டும் எனக் கோருவோம். இவற்றுள் எதுவும் வானத்தை வில்லாக வளைக்கும் செயலன்று. முதலிரண்டையும் அடுத்த தவணையிலேயே எந்தக் கிராமத்துப் பாடசாலையிலும் தொடங்கலாம்.

வலையமைப்பை ஆக்கியது பல நாட்டு மக்களின் பொது உழைப்பு. அதனை மக்களுக்கே உரியதாக்கும் பணி எந்தக் கொம்பனியின் அடுத்த விற்பனைப் பட்டியலிலும் இடம்பெறப் போவதில்லை. அது நம்முடைய பணி. நாம் கற்பிக்கும் பிள்ளைகளுடைய பணி. திருகாணியை எடுத்து அவர்கள் கையிற் கொடுப்போம்.